கோடையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பது: பணம் கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டியவை

கேள்வி: இளநிலைப் பட்டப்படிப்பில் இருக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்றிரண்டு பாடங்கள் படித்து, அவற்றுக்குக் கிடைக்கும் கிரெடிட்டை (பாடத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பு எண்ணை) என் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது? எங்கே தவறு நடக்கும்? செலவுக்குத் தகுமா?

பதில்:

பெரும்பாலானவர்கள் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு பாடம், பிறகு கட்டணம், பிறகு விசா. திரும்பி வந்த பிறகுதான் தங்கள் பல்கலைக்கழகத்தில் போய் "இதற்கு கிரெடிட் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். முதலில் கிரெடிட்டுக்கு எழுத்துபூர்வமான ஒப்புதல், அடுத்து விசாவுக்குத் தேவையான கால அவகாசம், அதற்குப் பின் பணம், ஊர் கடைசியில். கோடைப் படிப்பில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த வரிசைக் குழப்பத்தால் வருகிறது. மீதிப் பாதி, நான்கு மாதப் பாடத்தை மூன்று முதல் எட்டு வாரத்துக்குள் அடைத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுவதால் வருகிறது.

யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்

ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் கோடை வகுப்பு எல்லாமே அந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் விடுதி அறைகளும் வகுப்பறைகளும் சும்மா கிடக்கும். அவற்றைத் தனியார் நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் சொந்தப் பாடங்களை நடத்துவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெகு சாதாரணம். வளாகம் உண்மையானது, கட்டடம் உண்மையானது. சான்றிதழில் கையெழுத்திடுவது மட்டும் வேறு யாரோ. இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து கிரெடிட் கேட்டால் கிடைக்காது.

சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: "படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வருமா?" நேரடியாக "வரும்" என்ற பதில் கிடைக்காமல் "பங்கேற்புச் சான்றிதழ் தருவோம்" என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். இணையதள முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்த டொமைனில் இருக்கிறதா, கட்டணம் யார் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது என்பதையும் பாருங்கள்.

பல்கலைக்கழகங்களே நடத்தும் கோடைப் பருவங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹார்வர்டு கோடைப் பள்ளி 1871 முதல் நடக்கிறது. உட்ரெக்ட் கோடைப் பள்ளி 1987-லும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் கோடைப் பள்ளி 1989-லும் தொடங்கின. இவற்றின் வடிவம் ஒன்றுபோல இருக்காது. லண்டனில் மூன்று வாரப் பருவங்கள் மூன்று, அடுத்தடுத்து நடக்கும். பெர்க்லியில் 3, 6, 8, 10 வாரம் என்று பல நீளங்களில் பருவங்கள் உண்டு. ஸ்டான்போர்டில் எட்டு வாரம். உட்ரெக்டில் ஒரு வாரப் பாடமும் உண்டு, ஆறு வாரப் பாடமும் உண்டு.

இன்னொரு வழி, உங்கள் பல்கலைக்கழகமே பேராசிரியர் ஒருவரோடு மாணவர்களைக் கூட்டிப்போகும் திட்டம். கிரெடிட் உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த கிரெடிட் என்பதால் மாற்றும் தலைவலியே இல்லை. ஆனால் ஊரில் பார்த்த அதே முகங்களோடு அங்கேயும் உட்கார்ந்திருப்பீர்கள். வெளிநாட்டு வகுப்பறையின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் நேரடிச் சேர்க்கைதான் சரி.

கிரெடிட்: எண்ணும் எழுத்தும்

ஐரோப்பாவில் இசிடிஎஸ் என்ற முறை. முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. ஜெர்மனியில் 30 மணி, நெதர்லாந்தில் 28 மணி என்று கணக்கிடுகிறார்கள். பிரிட்டனில் முழு ஆண்டுக்கு 120 கிரெடிட் என்பதால் அங்கே இரண்டு, இசிடிஎஸ்ஸில் ஒன்று. அமெரிக்க செமஸ்டர் கிரெடிட் ஒன்றுக்குப் பொதுவாக இரண்டு இசிடிஎஸ் என்று வைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் நீண்ட பருவங்கள் கொண்ட செமஸ்டர் முறையிலும் சில குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறையிலும் இயங்குகின்றன. கிரெடிட்டை யூனிட் என்றும் சொல்வார்கள். குவார்ட்டர் யூனிட் ஒன்று, செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யுசிஎல்ஏவும் ஒரே கலிபோர்னியா பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்தவை. ஆனால் பெர்க்லி செமஸ்டர், யுசிஎல்ஏ குவார்ட்டர். பெர்க்லியில் 4 யூனிட் பாடம் 4 செமஸ்டர் கிரெடிட்டாகவே வரும். யுசிஎல்ஏவில் 4 யூனிட் பாடம் 2.67 ஆகிவிடும். உங்கள் பட்டத்துக்கு 3 கிரெடிட் பாடம் ஒன்று தேவைப்பட்டால், அந்த 0.33 பற்றாக்குறைக்காக முழுப் பாடத்தையும் நிராகரிக்கும் துறைகள் உண்டு.

ஒப்புதல் கேட்கும்போது பாடத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மட்டும் கொடுத்தால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். துறைத் தலைவர் முடிவெடுக்கத் தேவையானவற்றை ஒரே கோப்பாகக் கொடுங்கள்: வாரவாரியான பாடத்திட்டம், மொத்த வகுப்பு நேரம், பாடநூல் பட்டியல், மதிப்பீட்டு முறை (தேர்வுக்கு எத்தனை சதவீதம், கட்டுரைக்கு எத்தனை), பாடத்தின் நிலை, கிரெடிட் எண்ணிக்கை, டிரான்ஸ்கிரிப்ட் யார் தருவார்கள் என்ற விவரம். இந்த ஆண்டுப் பாடத்திட்டம் இன்னும் வெளியாகவில்லை என்றால் சென்ற ஆண்டினுடையதைக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

கேட்டு வாங்க வேண்டிய பதிலும் தெளிவாக இருக்க வேண்டும். "கிரெடிட் தருவோம்" என்பது போதாது. எந்தப் பாடத்துக்கு ஈடாக, எத்தனை கிரெடிட், கட்டாயப் பாடமாகவா விருப்பப் பாடமாகவா, குறைந்தபட்சம் என்ன கிரேடு வேண்டும், அந்த கிரேடு சராசரியில் சேருமா அல்லது கிரெடிட் மட்டுமா என்ற ஐந்துக்கும் பதில் எழுத்தில் வேண்டும், மின்னஞ்சலாக இருந்தாலும் சரி. வாய்மொழியாகச் சொன்னவர் நீங்கள் திரும்பும்போது அந்தப் பொறுப்பில் இல்லாமல் போகலாம். ஒரு பாடத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்காமல் மூன்று பாடங்களுக்கு வாங்கிவையுங்கள். கோடையில் ஆள் சேராத பாடங்களைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வது சகஜம்.

"தேர்ச்சி / தேர்ச்சியில்லை" என்று மட்டும் மதிப்பிடும் வசதி இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிரேடு இல்லாத பாடத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. பாடத்துக்கு முன்தகுதி கேட்டிருந்தால், அதைப் படித்ததற்கான டிரான்ஸ்கிரிப்டைப் பதிவுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி உங்களைப் பதிவு செய்யவே விடாது.

வேகம்

அமெரிக்க முறையில் 3 கிரெடிட் பாடம் என்றால் 15 வாரத்தில் சுமார் 45 வகுப்பு மணி. வெளியே அதைப் போல இரு மடங்கு, 90 மணி. மொத்தம் 135. அதையே ஆறு வாரத்தில் முடித்தால் வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி. இரண்டு பாடம் எடுத்தால் 45 மணி. முழுநேர வேலைக்கும் மேல். ஐரோப்பியக் கணக்கில், மூன்று வாரத்தில் 7.5 கிரெடிட் தரும் பாடம் குறைந்தபட்சக் கணக்குப்படியே 187 மணி, வாரத்துக்கு 62. நெதர்லாந்துக் கோடைப் பள்ளிகளில் பரவலாக உள்ள வாரத்துக்கு 1.5 கிரெடிட் என்ற அளவு 42 மணி நேரம்தான் கேட்கும். மாலையில் ஊர் சுற்ற நேரம் வேண்டுமானால் இந்த வேறுபாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு வாரப் பருவத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை என்றால் வழக்கமான பருவத்தில் இரண்டரை நாள் போகாததற்குச் சமம். மூன்று வாரப் பருவத்தில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய ஒரு முழு வாரம். விமானக் களைப்பில் முதல் இரண்டு நாள் தூங்கி வழிந்தால் இடைத்தேர்வுக்கு வேண்டியதில் ஒரு பகுதி கைவிட்டுப் போயிருக்கும். அதனால் வகுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். உங்கள் ஊர்த் தேர்வு முடியும் தேதியும் அங்கே தொடங்கும் தேதியும் முட்டிக்கொண்டால் "ஒரு வாரம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று கேட்டுப் பயனில்லை. மூன்று வாரப் பாடத்தில் ஒரு வாரம் என்பது மூன்றில் ஒரு பங்கு, யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்தப் பாடம் இந்த வேகத்தைத் தாங்கும்? மொழி தாங்கும், தினமும் நான்கு மணி நேரம் ஒரே மொழியில் இருப்பது நன்மையே செய்கிறது. புள்ளியியல், நிரலாக்க அறிமுகம், பொருளியல் அடிப்படை ஆகியவையும் தாங்கும். கரிம வேதியியல், நிறுவல் அடிப்படையிலான கணிதம் போன்றவை தாங்காது என்பது என் கருத்து. ஒரு கருத்து மனதில் ஊறுவதற்கு ஒரு வாரம் தேவைப்படும் பாடத்தில், ஊறும் முன்பே அதன்மேல் இன்னொன்றை அடுக்குவார்கள். நீண்ட ஆய்வுக் கட்டுரையை மட்டும் வைத்து மதிப்பிடும் பாடமும் சிக்கல்தான்; நூலகத்தின் பழக்கம் பிடிபடும்போது கெடு வந்துவிடும்.

மொழிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வாரத்துக்கு 25 பாடவேளை, ஒரு பாடவேளை 45 நிமிடம் என்றால் நான்கு வாரத்தில் 75 மணி நேரம். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஏ1 நிலையின் (ஐரோப்பிய மொழித்திறன் அளவில் முதல் படி; அடுத்தவை ஏ2, பி1) பெரும்பகுதியைத் தொடலாம், கடையில் பேசலாம், அவ்வளவுதான். ஏ2 முடித்து பி1-இல் கால் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த ஊரில் இருப்பதன் முழுப் பலனும் கிடைக்கும், ஏனென்றால் வகுப்புக்கு வெளியேயும் அவர்களால் பேச முடியும். அடிப்படை நிலையை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

விசா

நாட்டுக்கு நாடு விதி மாறும். உங்கள் குடியுரிமைக்கு விசாவே தேவையில்லாமலும் இருக்கலாம். ஆனாலும் "விசா தேவையில்லை" என்பதும் "படிக்கலாம்" என்பதும் வேறு வேறு.

அமெரிக்காவில்தான் இது மிகக் கடுமை. பட்டத்துக்குச் சேரும் கிரெடிட்டுக்காகப் படிக்கச் சுற்றுலா விசாவோ விசா விலக்கோ போதாது. எஃப்-1 போன்ற மாணவர் விசா வேண்டும். கிரெடிட் இல்லாத, பொழுதுபோக்கான குறுகிய வகுப்புக்கு மட்டுமே பார்வையாளர் விசா பொருந்தும். எஃப்-1 வேண்டுமானால் உங்கள் சேர்க்கையை உறுதிசெய்யும் ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். அதைப் பெற வங்கியில் போதுமான பணம் இருப்பதற்கான சான்று தர வேண்டும். பிறகு அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு முறையான செவிஸுக்கு 350 டாலர் கட்டணம், விசாக் கட்டணம், நேர்காணல். விசா கிடைத்தாலும் ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னதாக உள்ளே விடமாட்டார்கள். கோடைப் பருவத்துக்கு மட்டும் வருகிற எஃப்-1 மாணவர் முழுநேரம் படித்தாக வேண்டும். எத்தனை யூனிட் என்பதை அந்தப் பல்கலைக்கழகம் சொல்லும். நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டு அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். கடினமாக இருக்கிறது என்று பாடத்தை விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும்.

பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம் வரையான படிப்புக்கு வழக்கமான பார்வையாளர் விசாவே போதும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். கனடாவில் ஆறு மாதம் வரையான படிப்புக்குப் படிப்பு அனுமதி வேண்டாம். நாட்டுக்குள் நுழையும் விசா வேறு விஷயம், அது வேண்டியிருக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பார்வையாளர் விசாவில் மூன்று மாதம் வரை படிக்கலாம். இந்த இரண்டு நாடுகளிலும் கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதை மறந்துவிட்டு ஜூலைக்குத் திட்டம் போடுபவர்கள் உண்டு. ஜூலையில் அங்கே குளிர்காலம்.

ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) 90 நாளுக்கு உட்பட்ட படிப்பு என்றால் குறுகிய கால சி வகை விசா. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு என்பது பொது விதி. கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை நீளலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் வெளியேறும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு காலிப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 90 நாள் கணக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் பொருந்த வேண்டும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே சேரும். வசந்தத்தில் ஒரு முறை போய்விட்டு வந்திருந்தால் அதையும் கழியுங்கள்.

வார இறுதியில் பக்கத்து நாட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவோடு பாரிஸிலிருந்து லண்டன் போனால், லண்டனுக்குத் தனி விசா இருந்தாலும் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. விமானம் மாறும் நாட்டுக்கு இடைத்தங்கல் விசா வேண்டுமா என்பதையும் பயணச்சீட்டு வாங்கும் முன் பாருங்கள்.

இதையெல்லாம் கூட்டினால் கால அட்டவணை தானாக வந்துவிடும். ஜூன் இறுதியில் வகுப்பு என்றால், முந்தைய நவம்பரில் உதவித்தொகைகளையும் பாடப் பட்டியலையும் தேடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கிரெடிட் ஒப்புதல். பிப்ரவரிக்குள் சேர்க்கை விண்ணப்பம். பல இடங்களில் விண்ணப்பித்த வரிசைப்படி இடங்கள் நிரம்பும், முன்கூட்டியே சேர்பவர்களுக்கான சலுகையும் அப்போதுதான். மார்ச்சில் கட்டணம், சேர்க்கைக் கடிதம். ஏப்ரலில் விசா. மே மாதத்தைக் காலியாக விடுங்கள், தாமதத்துக்காக. நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் ஜூன் இரண்டாம் வாரம் வரை இழுத்துக்கொண்டு போவதுதான் இந்தத் திட்டங்கள் கவிழும் மிகப் பொதுவான விதம்.

பணம்

அறிவிக்கப்பட்ட பாடக் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். அதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம், வளாகக் கட்டணம், விசா ஆவணக் கட்டணம், காப்பீடு, விடுதி, உணவுத் திட்டம், பாடநூல், உள்ளூர்ப் போக்குவரத்து, விமானம், விசா என்று போகும். அமெரிக்காவில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் பல்கலைக்கழகத்தில் முழுநேர அளவை எட்ட இரண்டாவது பாடம் எடுக்க வேண்டிவந்தால் செலவு இரட்டிப்பாகிவிடும். ஒரே பாடம்தான் வேண்டும் என்றால் ஐரோப்பாவே பொருத்தம். பார்வையாளர் விசாவில் மூன்று வாரம், ஒரு பாடம், முடிந்தது.

பன்னாட்டு வங்கிப் பரிமாற்றத்தில் இடையில் உள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். நீங்கள் 2,000 அனுப்ப, அங்கே 1,975 சேரும். மீதி 25 நிலுவை என்று கணினி உங்கள் பதிவை நிறுத்திவைக்கும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் மாணவர் எண்ணைப் போட மறக்காதீர்கள். பெயர் மட்டும் போட்டால் பணம் யாருடையது என்று கண்டுபிடிக்கவே வாரங்கள் ஆகும்.

பணத்தைத் திருப்பித் தரும் விதியில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் மறுப்புக் கடிதத்தைக் காட்ட வேண்டும்? பாடத்தைப் பல்கலைக்கழகமே ரத்து செய்தால் என்ன ஆகும்? முதல் கேள்விக்குப் பல இடங்களில் முன்பணம் திரும்பாது என்பதே பதில். விமானச் சீட்டு மாற்றத்தக்கதாக இருக்கட்டும்.

உதவித்தொகை கோடைப் பாடங்களுக்குக் குறைவு. இருப்பதும் சீக்கிரமே முடிந்துவிடும். ஜெர்மன் மொழி படிக்கிறவர்களுக்கு, ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி பல்கலைக்கழகக் கோடை வகுப்பு உதவித்தொகை தந்துவந்திருக்கிறது, இப்போதும் உண்டா என்று பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அறிவியல், பொறியியல் மாணவராக இருந்தால் காசு கொடுத்துப் பாடம் படிப்பதற்கு முன் வேறொரு கதவைத் தட்டிப் பாருங்கள். ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் கோடை மாணவர் திட்டம், கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி, ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பட்டமேற்படிப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி ஆகியவற்றில் பணம் அவர்கள் உங்களுக்குத் தருவார்கள். போட்டி கடுமை. செர்னுக்கு ஜனவரியோடு கதவு மூடும்; மிட்டாக்ஸுக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். ஆய்வுப் பயிற்சிக்கு கிரெடிட் கிடைக்காமல் போகலாம். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வகத்தில் மூன்று மாதம் உங்களைப் பார்த்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம், மூன்று வார வகுப்பில் எழுபது பேரில் ஒருவராக உட்கார்ந்ததைவிடப் பல மடங்கு எடை கூடியது.

இதோடு சேர்த்து ஒன்று. கோடைப் பருவத்தில் சேர்வது அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குச் சேர்வதற்கான குறுக்குவழி இல்லை. பல இடங்களில் கோடைச் சேர்க்கை அடிப்படைத் தகுதியும் பணமும் உள்ள எல்லோருக்கும் திறந்தது. சேர்க்கைக் குழுவினருக்கு அது நன்றாகத் தெரியும். தற்குறிப்பில் "கோடைப் பருவம்" என்று தெளிவாக எழுதுங்கள்.

விடுதி, உடல்நலம்

விடுதியின் தேதியும் பாடத்தின் தேதியும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சனிக்கிழமை பகலில் மட்டும் சாவி தருவார்கள், கடைசித் தேர்வுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். முன்னும் பின்னும் ஓரிரு இரவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். ஐரோப்பிய விடுதிகள் பலவற்றில் குளிர்சாதனம் கிடையாது. ஜூலை வெப்ப அலையில் மேல்மாடி அறை கொதிக்கும். படுக்கை விரிப்பு, போர்வை, சமையல் பாத்திரம் தருவார்களா என்று கேளுங்கள். வெளியே அறை தேடினால், நேரிலோ காணொளி அழைப்பிலோ பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். கோடைக்கு உள்வாடகை என்று விளம்பரம் போட்டு ஏமாற்றுவது பல்கலைக்கழக ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி இரண்டு தவணைக்கான சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கும். இரண்டு தவணைக்கும் இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். கடைசி வாரத்தில் நினைவுக்கு வந்தால் சான்றைத் தர முடியாது, பதிவும் நின்றுபோகும். மருந்துகளை அசல் பெட்டியில், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டோடு கொண்டுபோங்கள். சேரும் நாட்டின் தடைப் பட்டியலையும் பாருங்கள்: கவனக் குறைபாட்டு நோய்க்கு (ஏடிஎச்டி) பலர் எடுக்கும் ஆம்பெட்டமின் உள்ள மருந்துகளை ஜப்பானுக்குள் மருத்துவச் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்கும் அங்கே தடை.

முதல் வாரம்

பாடத்தை மாற்றவும் விடவும் கொடுக்கும் கால அவகாசம் கோடையில் மிகக் குறைவு. மூன்று வாரப் பருவத்தில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். முதல் வகுப்பிலேயே முழுப் பாடத்திட்டத்தையும் படித்து, முன்பு ஒப்புதல் வாங்கியதோடு ஒப்பிடுங்கள். ஆசிரியர் மாறி உள்ளடக்கமும் மாறியிருந்தால் அன்று மாலையே உங்கள் துறைக்கு எழுதி, ஒப்புதல் இன்னும் செல்லுமா என்று கேளுங்கள். இறுதித் தேர்வு எந்தத் தேதி என்பதையும் அன்றே பாருங்கள். கடைசி நாள் மதியம் தேர்வு, காலையில் விமானம் என்று சீட்டு வாங்கியவர்களுக்கு மறுதேர்வு வைக்க மாட்டார்கள்.

மேற்கோள் காட்டும் விதிகளில் பழக்கம் இல்லாதவர்கள் முதல் கட்டுரைக்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் கருத்துத் திருட்டு விதிகளைப் படித்தாக வேண்டும். சொந்த ஊரில் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு பத்தி, அங்கே விசாரணைக் குழுவுக்குப் போகும். விசாரணை முடியும் வரை கிரேடு வராது. நீங்களோ அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் விதி வேறு. பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள்.

வேலை செய்து செலவை ஈடுகட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். பிரிட்டனில் பார்வையாளராக இருந்துகொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது. மற்ற குறுகிய கால விசாக்களும் பெரும்பாலும் அப்படியே.

புறப்படும் முன், திரும்பிய பின்

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: இறுதிப் பாடத்திட்டம், தேர்வுத்தாள் கிடைத்தால் அதன் நகல், திருத்தப்பட்ட கட்டுரைகள், ஆசிரியரின் பெயரும் மின்னஞ்சலும், மாணவர் எண், கடவுச்சொல். பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கும் பாடத் தளமும் பருவம் முடிந்த சில வாரங்களில் மூடப்படலாம். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். நூலகத்தில் சின்ன அபராதம், விடுதியில் சாவிக் கட்டணம் என்று எது நிலுவையில் இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கும் இடங்கள் உண்டு. கிளம்பும் நாள் காலையில் கணக்கு பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் பெரும்பாலும் தானாக வராது, நீங்கள் கோர வேண்டும். கிரேடு பதிவாவதற்கு முன்பே கோரினால் காலிப் பக்கத்தை அனுப்பிவிடுவார்கள். அதற்கும் கட்டணம் போய்விடும். கிரேடு ஏறியதை உறுதிசெய்துவிட்டு, நேரடியாக உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அனுப்பும்படி கேளுங்கள். நீங்கள் பிரித்துப் பார்த்த உறையைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். சில பல்கலைக்கழகங்கள், ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்கும். அதை ஊர் திரும்பிய பின் வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும், தேவையா என்று போகும் முன்பே கேட்டுவைத்தால் அங்கேயே முடித்துவிடலாம்.

கிரெடிட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பதிவானால் முதல் முடிவோடு விட்டுவிடாதீர்கள். மாற்றிப் பதிவு செய்யும் எழுத்தர் பாடத்தின் பெயரையும் எண்ணையும் மட்டுமே பார்த்திருப்பார். பழைய ஒப்புதல் மின்னஞ்சல், பாடத்திட்டம், மொத்த வகுப்பு நேரம் காட்டும் பக்கம் மூன்றையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். பட்டமளிப்புக்குக் கடைசிப் பருவத்தில் இதைச் செய்யாமல், திரும்பி வந்த பருவத்திலேயே செய்யுங்கள். குறைந்த கிரெடிட்டை ஈடுகட்ட இன்னொரு பாடம் எடுக்க வேண்டிவந்தாலும் அப்போதுதான் இடம் இருக்கும்.